குவாண்டம் சிகிச்சையால் மன அழுத்தம் தீருமா?

கேட்டிருப்பது இதுதான்: முகாமில் ஒரு குச்சியைக் கையில் பிடிக்கச் சொல்லி, 'மூளை நரம்பு ரிப்போர்ட்' எடுத்து, குவாண்டம் முறையில் மன அழுத்தத்தைச் சரிசெய்கிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

நம்ப வேண்டாம். அதற்காகக் குவாண்டம் இயற்பியலுக்கும் மனநல மருத்துவத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று அர்த்தமில்லை. சம்பந்தம் இருக்கிற இடம் வேறு.

முதலில் அந்தக் குச்சி. 'குவாண்டம் மேக்னடிக் ரெசொனன்ஸ் அனலைசர்' என்ற பெயரில் விற்பனையாகிறது. சின்னப் பெட்டி, யுஎஸ்பி வயர், உள்ளங்கையில் பிடிக்க ஓர் உலோகக் குழாய், அவ்வளவுதான். நிஜமான மேக்னடிக் ரெசொனன்ஸ், அதாவது காந்த ஒத்ததிர்வு, எம்ஆர்ஐ ஸ்கேனில் நடக்கிறது. உடம்பில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களுக்கு ஸ்பின் உண்டு, அதாவது ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்துக்குள் படுத்தாலும், காந்தத்தின் திசையில் நிற்கும் கருக்கள் எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடப் பத்து லட்சத்துக்குச் சுமார் பத்துதான் அதிகம். மொத்தப் படமும் அந்தப் பத்திலிருந்து வருகிறது. அதனால்தான் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்த மீகடத்திக் காந்தம் (மின்தடையே இல்லாத கம்பியில் செய்தது), 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, வெளி அலை உள்ளே வராதபடி செம்புத் தகடு அடித்த அறை எல்லாம் தேவைப்படுகின்றன. குச்சியில் காந்தமே இல்லை. பூமியின் காந்தப்புலம் போதுமே என்று சொன்னால், அது 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. மிஞ்சிப்போனால் கையின் வியர்வையில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று அந்தக் குச்சி அளக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே ஆளை உடனே இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் வயதையும் எடையையும் மாற்றிக் கொடுங்கள். ரிப்போர்ட்டும் கூடவே மாறினால், எழுதுவது உடம்பு அல்ல, சாஃப்ட்வேர்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நல்ல எம்ஆர்ஐகூட 'உங்களுக்கு டிப்ரஷன்' என்று சொல்லாது. மனநல மருத்துவர் ஸ்கேன் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் கட்டி, பக்கவாதம் போன்றவை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

'மூளையே ஒரு குவாண்டம் கணினி' என்ற பேச்சுக்கு வருவோம். 2000இல் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் கணக்குப் போட்டுக் காட்டினார்: மூளையின் சூட்டிலும் ஈரத்திலும் குவாண்டம் நிலை 10இன் அடுக்கு மைனஸ் 13 நொடிக்குள், அதாவது ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், கலைந்துவிடும். நரம்பணு வேலை செய்வதோ மில்லிநொடிக் கணக்கில். 2015இல் இன்னொரு இயற்பியலாளர் மாத்யூ ஃபிஷர் வேறு வழி பார்த்தார்: எலக்ட்ரானை விடுங்கள், பாஸ்பரஸின் அணுக்கரு ஸ்பின் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்றார். அவரை யோசிக்கவைத்தவற்றில் ஒன்று, பைபோலார் மனநோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் லித்தியத்தின் இரண்டு அணு வகைகளான லித்தியம்-6ம் லித்தியம்-7ம் எலிகளிடம் வெவ்வேறு விளைவைக் காட்டியதாக 1986இல் வந்த ஓர் ஆய்வு. சுவையான யோசனை. ஆனால் அந்த இரண்டுக்கும் ஸ்பின் மட்டுமா வித்தியாசம், எடையிலும் சுமார் 15% வித்தியாசம் உண்டு. இதிலிருந்து இதுவரை ஒரு மாத்திரையோ சிகிச்சையோ வந்ததில்லை.

சில இடங்களில் டிஎம்எஸ் சிகிச்சைக்கும் (தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது) குவாண்டம் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். சிகிச்சை நிஜம், பெயர்தான் தப்பு. அதில் இருப்பது 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். முதலில் எட்டு வடிவச் சுருளைத் தலையில் வைத்து, பத்துத் துடிப்புக்கு ஐந்து முறையாவது கட்டைவிரல் துள்ளுகிற குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடிப்பார்கள். இதுதான் மோட்டார் த்ரெஷோல்ட். பிறகு சுருளை இடது முன்மூளைக்கு நகர்த்தி, அந்த அளவில் 120% வைப்பார்கள். வழக்கமான முறையில் நொடிக்கு 10 துடிப்பாக 4 நொடி, பிறகு 26 நொடி ஓய்வு. இப்படி 3000 துடிப்புக்கு 37.5 நிமிடம் ஆகும். வாரம் 5 நாள், நான்கிலிருந்து ஆறு வாரம். துடிப்புகளை வேகமான சிறு கொத்துகளாகக் கொடுக்கும் புதிய தீட்டா பர்ஸ்ட் முறையில் 600 துடிப்பு, மூன்றே நிமிடம்.

சொதப்புவது பெரும்பாலும் சுருள் வைப்பதில்தான். கொஞ்சம் தூக்கிக்கொண்டாலோ நகர்ந்தாலோ வேண்டிய இடத்துக்குப் புலம் போய்ச் சேராது. தூக்கமில்லாமல் வந்தாலோ நடுவில் மருந்து மாறினாலோ த்ரெஷோல்டும் மாறும், மறுபடி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வேலை செய்யாது, அல்லது அபூர்வமாக வலிப்பு வரலாம். காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) இருப்பவர்களுக்கு இது கூடாது. அமெரிக்காவில் 2008இல் அனுமதி கொடுத்ததும் மருந்துக்கு மசியாத டிப்ரஷனுக்குத்தான், ஆபீஸ் டென்ஷனுக்கு அல்ல. டென்ஷனுக்கு முதலில் தேவை தூக்கத்தை ஒழுங்குபடுத்துவதும், சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தருவது) மாதிரியான பேச்சு சிகிச்சையும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது முகாம்களில் கூடவே கொடுக்கும் 'உப்பில்லா டீடாக்ஸ்' பத்தியம். லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் உப்பைத் திடீரென நிறுத்தினால், சிறுநீரகம் சோடியத்தோடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பட்டினி, வயிற்றுப்போக்கு, இபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரை எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் லித்தியம் வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கை நடுக்கம் அதிகமானாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்கு குழறினாலோ அடுத்த டோஸைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.