சபை விலக்கியது, அண்ணன் விடுதலைப் பத்திரம் கேட்கிறார்

கேள்வி: நான் திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்தவள். பிறந்தது முதல் இருந்த கிறிஸ்தவ சபையை விட்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினேன். யாரும் என்னோடு பேசவோ உண்ணவோ கூடாது என்று மூப்பர்கள் ஆராதனையில் அறிவித்தார்கள், அம்மாவும் பேசுவதில்லை. சென்ற ஆண்டு அப்பா உயில் எழுதாமல் இறந்தார். சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால், மூப்பர்களிடம் பேசி என்னை வீட்டில் சேர்ப்பதாக அண்ணன் சொல்கிறார். சபைமீது வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு பக்கங்கள் சபையைப் பற்றியவை, பத்திரத்துக்கு இரண்டு வரிதான். எனக்கு வேண்டியது அந்த இரண்டு வரி.

ஒரு மதக்குழுவை விட்டு விலகும் உரிமை, அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரத்தில் அடங்கும். ஆனால் மகளோடு பேசு என்று தாய்க்கு எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. மகாராஷ்டிரம் 2016இல் இயற்றியதைப் போன்ற சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. மதக்குழுவிலிருந்து ஒருவரை விலக்கிவைப்பதைத் தடுத்த 1949ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாது என்றது. எனவே சபையை விட்டுவிடுங்கள்.

நீங்கள் இன்று எதை நம்புகிறீர்கள் என்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பதில்லை. சொத்து அப்பாவுக்குச் சொந்தமானது, பிள்ளைகள் நீங்கள் இருவர் மட்டுமே என்றால், அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு.

நான் அஞ்சுவது அந்தக் கையெழுத்தைத்தான். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவர், வீட்டுப்படி ஏறினால் போதும் என்று இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு தங்கையின் திருமணத்துக்கு அவருக்குப் பத்திரிகைகூட வரவில்லை. ‘முழு மனச்சம்மதத்துடன், ரொக்கம் பெற்றுக்கொண்டு’ என்று பத்திரம் சொல்லும். வாயால் தந்த வாக்குறுதி அதில் இருக்காது. பிறகு வற்புறுத்தி வாங்கினார்கள் என்று சொல்லி அதை ரத்து செய்ய வேண்டுமானால், நிரூபிக்கும் சுமை உங்களுடையது, நீதிமன்றக் கட்டணமும் உங்களுடையது, காலவரம்பு மூன்றே ஆண்டுகள். பாசத்துக்காகக் கையெழுத்திட்டேன் என்பது வற்புறுத்தல் ஆகாது. மூப்பர்களைத் திட்டி வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதீர்கள். அது அவதூறுப் புகாராகத் திரும்பி வரும்.

பாகப்பிரிவினை வழக்கும் இப்போது வேண்டாம் என்பேன். வீட்டை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் பங்கின் சந்தை மதிப்பை வங்கி வரைவோலையாக வாங்கி, அதன் எண்ணைப் பத்திரத்தில் குறிப்பிட்டு, அம்மா ஆயுள்வரை அங்கே வசிக்கும் உரிமையையும் எழுதிய பின்பே சார்பதிவாளர் முன் கையெழுத்திடுங்கள். அம்மா தம் பங்கை அண்ணனுக்கே எழுதி வைத்தாலும் எதிர்க்காதீர்கள். அது அவருடைய சொத்து.