சில்லென்று ஒரு கேன்: அமெரிக்க மலிவு பீர் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் வேலைக்குப் போனவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. அங்கே 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே விற்பனை. தலை நரைத்திருந்தாலும் கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி (டாலஸ் வாசகர்): பட் லைட், மில்லர் லைட், கூர்ஸ் லைட் மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, விளம்பரம்தானா?

பதில்: இருக்கிறது, ஆனால் மெல்லியது. மூன்றிலும் ஆல்கஹால் 4.2 சதவீதம். 12 அவுன்ஸ், அதாவது 355 மி.லி. கேனில் மில்லர் லைட் 96 கலோரி, கூர்ஸ் லைட் 102, பட் லைட் 110. மாவுச்சத்து முறையே 3.2, 5, 6.6 கிராம்.

சுவை எங்கே பிரிகிறது என்றால், பார்லி மால்ட்டோடு, அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியோடு, எதைச் சேர்க்கிறார்கள் என்பதில். பட் லைட்டில் அரிசி. அரிசிக்கென்று தனி ருசி கிடையாது. அதனால் வாயில் நிற்காமல் வறட்சியாக, சட்டென்று முடிந்துவிடும். மற்ற இரண்டிலும் மக்காச்சோளப் பாகு. மில்லர் லைட்டில் நிறமும் கசப்பும் ஒரு பிடி கூடுதல். மூன்றில் பீர் மாதிரி இருப்பது இதுதான் என்பது எங்கள் கட்சி. கூர்ஸ் லைட் மிக லேசானது, கடைசியில் ஒரு பழவாசனை தட்டும். வெயிலில் புல் வெட்டிவிட்டு வந்து குடிக்க அது பொருத்தம்.

நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டிலேயே மூன்று டம்ளர் சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரி மூன்று டம்ளர் எடுத்து, இரண்டில் ஒரு பீர், மூன்றாவதில் வேறொன்று, ஒவ்வொன்றிலும் 60 மி.லி. உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் ஊற்றி இடம் மாற்றி வைக்க வேண்டும். தனித்து நிற்பது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இப்படி ஆறு முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே இரண்டு சரியாகிவிடும். குறைந்தது ஐந்து முறை சரியாக வந்தால்தான் உங்கள் நாக்குக்கு வித்தியாசம் தெரிகிறது என்று பொருள். மூன்றையும் ஒரே குளிர்ச்சியில் வையுங்கள். ஒன்று 4 டிகிரி, இன்னொன்று 10 டிகிரி என்றால் நீங்கள் கண்டுபிடிப்பது பிராண்டை அல்ல, ஃபிரிட்ஜை. பீரின் நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொள்வதும் நல்லது.

கேள்வி: "சோளப் பாகு" என்றால் சர்க்கரைப் பாகை ஊற்றித் தருகிறார்களா? பட் லைட் விளம்பரம் அப்படித்தானே சொன்னது?

பதில்: 2019 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதி) ஆட்டத்தின்போது, மில்லர் லைட்டிலும் கூர்ஸ் லைட்டிலும் சோளப் பாகு போடுகிறார்கள் என்று சொல்லி வந்த விளம்பரத்தைக் கேட்கிறீர்கள். அந்தப் பாகு ஈஸ்ட்டுக்குப் போடும் சாப்பாடு. ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். கேனில் பாகாக வந்து சேராது. குளிர்பானங்களில் போடும் ஃபிரக்டோஸ் மிகுந்த பாகு வேறு சரக்கு. அந்த இரண்டையும் அப்போது தயாரித்த மில்லர்கூர்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட் லைட் தரப்புக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மில்லர்கூர்ஸே தன் மூலப்பொருள் பட்டியலில் சோளப் பாகு என்று போட்டிருந்ததே! அரிசி உயர்ந்தது, சோளம் தாழ்ந்தது என்று எதுவுமில்லை.

கேள்வி (நியூஜெர்சி வாசகர்): ஊரில் 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒன்று போதும். இங்கே நாலு கேன் குடித்தாலும் தண்ணி குடித்த மாதிரி இருக்கிறது. ஏன்?

பதில்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 650 மி.லி.-யில் முழு 8 சதவீதம் என்று வைத்தால் சுத்த ஆல்கஹால் சுமார் 41 கிராம். 355 மி.லி. லைட் பீரில் 12 கிராம்கூட முழுதாக இல்லை. ஆக ஊர் பாட்டில் ஒன்று, இங்கே மூன்றரை கேனுக்குச் சமம். நாலு கேன் என்றால் ஊர் பாட்டிலைத் தாண்டிவிட்டீர்கள். மெதுவாக ஏறியதால் தெரியவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு "டிரிங்க்" என்பது 14 கிராம். 5 சதவீத பட்வைசர் ஒரு கேன் சரியாக அந்த அளவு.

இதைச் சரிக்கட்ட பெட்ரோல் பங்க் கடையில் தனிக் கேனாக நிற்கும் ஸ்டீல் ரிசர்வ் என்ற ஸ்ட்ராங் பீர் பக்கம் போகாதீர்கள். 24 அவுன்ஸ், 8.1 சதவீதம், ஒரே தகரத்துக்குள் மூன்று டிரிங்க்குக்கு மேல். கேனைத் திறந்தால் சூடேறுவதற்குள் முடிக்கத் தோன்றும், அங்கேதான் கோளாறு. காருக்குள் திறந்த கேன் இருப்பதே பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். வண்டி ஓட்ட ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம், யூட்டா மாநிலத்தில் 0.05. குடித்த அன்று சாவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: விலை குறைய வேண்டும், ருசியும் வேண்டும். லைட் வேண்டாம். எதை எடுக்க?

பதில்: நல்ல கேள்வி. அலமாரியின் கீழ்த்தட்டைப் பாருங்கள். புதையல் அங்கேதான்.

மில்லர் ஹை லைஃப், 4.6 சதவீதம், 1903-லிருந்து வருகிறது. வாயு அதிகம், லேசான சோள இனிப்பு. தன்னை "பீர்களின் ஷாம்பெயின்" என்று சொல்லிக்கொள்ளும். விலை அப்படியில்லை என்பதே அதன் அழகு. பாப்ஸ்ட் புளூ ரிப்பன் அதைவிடக் கொஞ்சம் தானிய வாசனை கூடியது. மில்வாக்கியில் 1844-ல் தொடங்கிய நிறுவனத்தின் பீர். இவை இரண்டும் பட்வைசரைவிட வழக்கமாக மலிவு. ருசியில் குறைவு என்று சொல்ல மாட்டோம்.

பட்வைசர் 1876-ல் செயின்ட் லூயிஸில் பிறந்தது. அரிசி சேர்ந்தது, 5 சதவீதம். பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு மெல்லிய வாசனை அதன் முத்திரை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள். அதே 5 சதவீதத்தில் கொலராடோவின் கூர்ஸ் பேங்க்வெட் சற்று உருண்டையான, ரொட்டி மேலோடு போன்ற ருசி. கூர்ஸ் லைட்டை வைத்து அதை எடைபோடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கிழக்குப் பக்கம் இருந்தால் யிங்லிங் லாகர் கிடைக்கும். பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில்லில் 1829-ல் தொடங்கிய இந்த ஆலைதான் நாட்டில் இன்றும் இயங்குவதிலேயே பழையது. செம்பு நிறம், வறுத்த மால்ட்டின் காரமெல் சுவை. விலை பட்வைசரை ஒட்டி. இந்தப் பட்டியலில் எங்கள் முதல் ஓட்டு இதற்கே. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் கிடைக்காது.

விலையை ஒப்பிட அட்டையில் இருக்கும் டாலரைப் பார்க்காமல் அவுன்ஸால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 12 கேன் 15 டாலர் என்றால் 144 அவுன்ஸ், அவுன்ஸுக்கு 10.4 சென்ட். 30 கேன் 27 டாலர் என்றால் 360 அவுன்ஸ், 7.5 சென்ட். தனி 24 அவுன்ஸ் கேன் 3 டாலர் என்றால் 12.5 சென்ட், மலிவாகத் தெரிவதுதான் விலை உயர்ந்தது. ஆனால் 30 கேன் வாங்கி மூன்று மாதம் கராஜில் வெந்துகொண்டு கிடந்தால் மிச்சம் பிடித்தது வீண். பென்சில்வேனியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: மளிகைக் கடையில் ஒரு தடவைக்கு 192 அவுன்ஸுக்கு மேல் தரமாட்டார்கள். பெரிய பெட்டி வேண்டுமென்றால் பீர் டிஸ்ட்ரிப்யூட்டர் கடைக்குப் போக வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா வாசகி): சில பாட்டில்களைத் திறந்ததும் ஒரு நாற்றம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்து மறுபடி உள்ளே வைத்ததாலா?

பதில்: இல்லை. குற்றவாளி வெளிச்சம். ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெயிலோ டியூப் லைட்டோ பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தோடு அமெரிக்கர்கள் இதை ஒப்பிடுவார்கள். நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சம் போக வழியே இல்லை. ஹை லைஃப் மட்டும் வெள்ளைப் பாட்டிலில் தப்பிப்பது எப்படி என்றால், வெளிச்சத்தில் உடையாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைச் சேர்க்கிறார்கள்.

குளிர்ந்தது சூடாகி மறுபடி குளிர்ந்தால் கெடும் என்பது கட்டுக்கதை. சூட்டில் எத்தனை நாள் கிடந்தது என்பதுதான் கணக்கு. வெயில் காலத்தில் கார் டிக்கியில் ஒரு வாரம் கிடந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். கேனின் அடியிலோ பாட்டில் கழுத்திலோ தேதி அச்சிட்டிருக்கும். கடைக்காரர் தள்ளுபடி போட்டால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். தேதி மாதக்கணக்கில் புதிதாயிருக்கும் மலிவு பீர், பழசாகிப்போன விலையுயர்ந்த பீரைத் தோற்கடிக்கும்.

கேள்வி: வீட்டில் 20 பேருக்கு பார்பெக்யூ. எவ்வளவு பீர், எவ்வளவு ஐஸ்? பீப்பாய் வாங்கலாமா?

பதில்: 20 பேரில் 14 பேர் குடிப்பார்கள் என்று வையுங்கள். முதல் மணிநேரம் இரண்டு, பிறகு மணிக்கு ஒன்று என்பது வழக்கக் கணக்கு. நாலு மணிநேரத்துக்கு ஆளுக்கு ஐந்து, மொத்தம் 70. நடைமுறையில் சிலர் இரண்டோடு நிறுத்துவார்கள். 30 கேன் பெட்டி இரண்டு போதும். தண்ணீரும் குளிர்பானமும் அதே அளவு வையுங்கள்.

பீப்பாய் வேண்டாம். அரை பேரல் என்று விற்பது 15.5 காலன், 165 கேனுக்குச் சமம். நிரம்பியிருக்கையில் சுமார் 73 கிலோ. தூக்கிக் குலுக்கி வந்த கையோடு திறந்தால் நுரைதான் வரும். கைப்பம்பில் அடித்தால் உள்ளே காற்று புகுந்து மறுநாளே சப்பென்று ஆகிவிடும்.

60 கேனுக்கு 40 பவுண்டு ஐஸ். அறைச் சூட்டில் இருக்கும் கேன்களைக் குளிர்விக்க மட்டுமே அதில் 13 பவுண்டு கரைந்துபோகும். முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அந்த ஐஸ் மிச்சம். பலர் செய்யும் தப்பு, வெறும் ஐஸைக் கொட்டிவிடுவது. கட்டி கேனை அங்கங்கேதான் தொடும். கேன் பாதி முங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அவசரமென்றால் ஒரு கைப்பிடி உப்பும் போட்டுக் கேன்களைச் சுற்றிவிடுங்கள், கால் மணிநேரத்துக்குள் தயார். ஃப்ரீஸரில் போட்டு மறந்தால் மைனஸ் 2, 3 டிகிரியில் உறைந்து கேன் வெடிக்கும். சுத்தம் செய்ய ஒரு மாலை வேண்டும்.

கேள்வி: எடை குறைக்கிறேன். மிக்கலோப் அல்ட்ராவுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பதில்: அது 95 கலோரி, 2.6 கிராம் மாவுச்சத்து. புஷ் லைட்டும் நேச்சுரல் லைட்டும் அதே 95 கலோரிதான், மாவுச்சத்து 3.2, விலை நன்றாகக் குறைவு. அரை கிராமுக்காக அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. கூட வரும் சிக்கன் 65-ஐப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

கேள்வி: சைவர்கள் குடிக்கலாமா? மீன் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் பீரைத் தெளியவைப்பது பிரிட்டனில் பீப்பாயிலிருந்தே ஊற்றித் தரும் கேஸ்க் ஏல் என்ற பீர் வகையில் இருந்துவரும் பழக்கம். மேலே சொன்ன பெரிய அமெரிக்க பீர்களை வடிகட்டியே தெளிவாக்குகிறார்கள். பட்வைசர் தொட்டியில் போடுவது பீச் மரச் சில்லு. அதுவும் ருசிக்காக அல்ல, ஈஸ்ட் படிந்து வேலை செய்ய இடம்.

கேள்வி (மிச்சிகன் வாசகர்): 30 கேன் வாங்கினால் பில்லில் 3 டாலர் கூடுதலாக வருகிறது. என்ன வரி இது?

பதில்: வரி இல்லை, டெபாசிட். உங்கள் மாநிலத்தில் கேனுக்கு 10 சென்ட், நியூயார்க்கில் 5. காலிக் கேன்களைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் காசு திரும்ப வரும். கழுவி வையுங்கள், எறும்பு வராது. ஆனால் நசுக்கிவிடாதீர்கள், பார்கோடைப் படிக்க முடியாவிட்டால் இயந்திரம் கேனைத் திருப்பித் தள்ளிவிடும்.