ஹொண்டா இன்னும் ஓட்டுபவருக்காகப் புதிதாக எதையாவது செய்கிறதா?

கேள்வி இதுதான்: 1948 இல் தொடங்கிய ஹொண்டா இன்றைக்கும் ஓட்டுபவர்களுக்காகப் புதுமை செய்கிறதா, இல்லை பழைய பெயரை வைத்தே காலத்தை ஓட்டுகிறதா?

செய்கிறது, நிறையவே செய்கிறது. ஆனால் யாரை மனதில் வைத்துத் தொடங்குகிறார்கள் என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன். பசளை மூட்டை, பால் கான், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகும் அம்மா என்று இங்கே எல்லாமே மோட்டார் சைக்கிளில்தான் போகும். அந்தக் கண்ணால்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

1958 இல் வந்த சுப்பர் கப்பை எடுங்கள். 49 சீசீ, நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின். கையில் கிளச் லீவரே கிடையாது, கியரை மிதித்தால் கிளச் தானாக விடும். ஜப்பானில் சாப்பாட்டுக் கடைப் பெடியன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை அது. சேறு அடிக்காமல் கால் மறைப்பு, சாரத்தோடும் சேலையோடும் ஏறக்கூடிய தாழ்ந்த நடுப்பகுதி, குழி றோட்டுக்கு 17 அங்குலச் சில்லு. 2017 இல் அந்த வரிசையில் பத்துக் கோடியாவது வண்டி வெளியே வந்தது. வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்தக் கணக்கைத் தொட்டதில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது செயினை முழுக்க மூடிய கவர். பார்க்க ஒன்றுமே இல்லாத தகரம். ஆனால் மாரி முடிந்து மண் காய்ந்த பிறகு எங்கள் கிரவல் றோட்டில் ஓடிப் பாருங்கள். திறந்த செயினில் இருக்கும் எண்ணெயில் செம்புழுதி ஒட்டி, சில்லு சுற்றச் சுற்ற இரும்பை அரைக்கத் தொடங்கிவிடும். சக்கரப் பல்லு ஒரு பக்கமாகத் தேய்ந்து கூராகும், செயின் தொங்கும், மூட்டையோடு மேட்டில் ஏறும்போது கழன்று விழும். செயின் செற் மாற்ற ஒரு ஏழைக் குடும்பத்தின் பல நாள் உழைப்புப் போய்விடும். இப்போது பந்தய வண்டித் தோற்றத்தில் வரும் பல மொடல்களில், எந்தக் கம்பனியாக இருந்தாலும், அந்தக் கவர் இல்லை.

1970களில் ஹொண்டா இன்னொன்றும் செய்தது. வளரும் நாடுகளில் வண்டியை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று தங்கள் இஞ்சினியர்மாரை அனுப்பிப் பார்த்தது. நேரத்துக்கு ஒயில் மாற்றுவதில்லை, பாரம் அளவுக்கு மிஞ்சி ஏற்றுகிறார்கள், பராமரிப்பு குறைவு. இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'நீங்கள் திருந்துங்கள்' என்று சொல்லவில்லை. அந்தப் பாவனையைத் தாங்கக்கூடிய இஞ்சினை, தள்ளுகோல் (வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பி) வைத்த எளிய அமைப்பில் செய்தார்கள். அதுதான் 1976 இல் வந்த சீஜி 125. பாகிஸ்தானில் அந்தப் பெயர் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. புதுமை என்று நான் மதிப்பது இதைத்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஹொண்டாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த வண்டி, போர்க்கால வன்னியில் எல்லா வேலையும் செய்தது. பெற்றோல் தடை இருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். புகை தள்ளும், பிளக்கில் கரி பிடிக்கும். ஒரு மரநிழலில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிச் சுரண்டிப் போட்டால் திரும்ப ஓடும். அது மண்ணெண்ணெய்க்காகச் செய்த இஞ்சின் இல்லை. ஆனாலும் அந்த எளிமைதான் சனத்தைக் காப்பாற்றியது.

சரி, இன்றைக்கு? கோல்ட் விங் என்ற தங்கள் பெரிய நெடுந்தூர வண்டியில் காற்றுப் பை வைத்தார்கள், மோட்டார் சைக்கிளில் அது உலகிலேயே முதல் தடவை. இ-கிளச் என்று கிளச்சைத் தானாக இயக்கும் அமைப்பை 650 சீசீ வண்டிகளில் முதலில் கொண்டுவந்தார்கள். திறமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் 1958 இல் இடது கைக்கு விடுதலை கொடுத்த அதே கம்பனி அதை ஆகச் சின்ன வண்டியில் இருந்து தொடங்கியது. இப்போது மேலே தொடங்கிக் கீழே இறக்குகிறார்கள். கீழே இருக்கிறவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காபரேற்றருக்குப் பதிலாகப் பெற்றோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் இஞ்செக்ஷன் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். புகைச் சட்டங்களுக்காக வந்தாலும் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அப்போது ஒவ்வொரு கிலோமீற்றரும் பெறுமதி. இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பும் நல்லது. சறுக்கும் என்ற பயத்தில் முன் பிறேக்கைத் தொடாமலே ஓடுகிறவர்கள் இங்கே அதிகம். இரவில் றோட்டில் மாடு படுத்திருக்கும்போது அந்த வித்தியாசம் விளங்கும்.

பிரச்சினை பழுதாகும்போதுதான். ஒரு உறவினரின் இஞ்செக்ஷன் வண்டி நெடுங்கேணிப் பக்கம் நின்றுவிட்டது. ஊர்க் கராச்சில் காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டக்கூடிய அண்ணை ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ர கையில இல்லை. ரவுணுக்கு ஏத்திக்கொண்டு போய் மிஷின் போட்டுப் பாருங்கோ" என்றார். வண்டியை லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றினோம். எந்தக் கம்பனி வண்டி என்பது முக்கியமில்லை, இந்தத் தொழில்நுட்பம் உள்ள எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். நாற்பது வருட அனுபவம் உள்ள ஒரு மனிதரின் கை ஒரே நாளில் வெறுங்கையாகிறது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

மின்சார வண்டியிலும் இதே கவலைதான். இந்தியாவில் ஹொண்டா விட்ட அக்டிவா இ என்ற மின்சார ஸ்கூட்டரில் பற்றரியை நிலையத்தில் மாற்ற வேண்டும். நிலையங்கள் பெங்களூர், டெல்லி, மும்பை போன்ற பெருநகரங்களில். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குக் காடு தாண்டி ஓடுகிறவருக்கு அது கணக்கில் வராது. வீட்டில் சார்ஜ் செய்யும் அவர்களின் மற்ற மின்சார ஸ்கூட்டரான கியூசி 1 எங்களுக்குக் கொஞ்சம் பொருந்தும். ஆனால் மூட்டை ஏற்றிக்கொண்டு கிரவலில் ஓட அது செய்யப்படவில்லை.

பெரிய இஞ்சின் ஒன்றும் நான் கேட்கவில்லை. ஹொண்டாவின் பல இஞ்செக்ஷன் வண்டிகளில் மீற்றரில் ஒரு எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. பிழை வந்தால் அது நீண்ட நேரமும் குறுகிய நேரமுமாக மாறி மாறி மின்னும், எத்தனை தரம் என்று எண்ணினால் எந்தப் பகுதியில் பிழை என்று தெரியும். கொம்பியூட்டர் இல்லாமலே பார்க்கலாம். அந்தக் குறியீட்டுப் பட்டியலைத் தமிழில் ஒரு தாளில் அடித்து, எங்கள் பக்கத்துக் கராச்காரர்களை ஒரு நாள் கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கட்டும். செயின் கவரையும் திரும்பப் போடட்டும். அப்புறம் ஓட்டுபவருக்காகப் புதுமை செய்கிறார்களா என்று என்னிடம் கேட்டால், தயங்காமல் ஓம் என்று எழுதுவேன்.