நாற்பது நாள் நடைக்கு முன்னால் ஒரு பேச்சு

கேள்வி: எனக்கு வயது 30. கோவையில் வேலை. மூன்று ஆண்டுகளாக ஒருவரைக் காதலிக்கிறேன். தை மாதம் திருமணம் என்று இரு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள். நெடுந்தூரம் நடப்பது எனக்கு உயிர். செப்டம்பரில் ஸ்பெயினின் காமினோ என்ற யாத்திரைப் பாதையை முழுவதும் நடக்க 40 நாள் விடுப்பு வாங்கி, டிக்கெட்டும் எடுத்துவிட்டு அவரிடம் சொன்னேன். "தாராளமாகப் போய்விட்டு வா" என்றார். ஆனால் அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. ரத்து செய்துவிடவா?

பதில்: ரத்து செய்யாதீர்கள். மனமில்லாமல் விட்டுக்கொடுத்த பயணம், திருமணத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு சண்டையில் கட்டாயம் தலைகாட்டும்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். விடுப்பு, டிக்கெட், அதற்குப் பிறகு அவர். அந்த நிலையில் "போய்விட்டு வா" என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பிரிந்திருக்கும் நாட்கள் அதிகம் என்று குறைபட்டவர்கள் குறைவு. "எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குத் தெரிந்தது" என்று சொல்லிக் கண் கலங்கியவர்களே அதிகம்.

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழநிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு வாரம் வீட்டில் இருக்க மாட்டார்கள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. தேதி எல்லோருக்கும் முன்பே தெரியும்; வழியனுப்புவதில் வீடே பங்கெடுக்கிறது. உங்கள் நடையில் அவருக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை.

ஆகவே முதலில், "உங்களைக் கேட்காமல் முடிவு செய்தது என் தவறு" என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். பிறகு வரைபடத்தை அவர் முன் விரியுங்கள். பிரெஞ்சு எல்லையிலிருந்து பாதை முடியும் சாண்டியாகோ நகரம் வரை ஏறக்குறைய 780 கி.மீ. இமயமலைப் பாதைகளைப் போல அல்லாமல் இது ஊர் ஊராகப் போகும் வழி. பெரும்பாலான நாட்களில் போன் கிடைக்கும். விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் மதியம் இரண்டு மணிவாக்கில் விடுதி சேர்ந்து, துணி துவைத்து, சற்றுப் படுத்து எழுவார்கள். செப்டம்பரில் ஸ்பெயின் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்து என்றால் கோவையில் இரவு எட்டரை. அந்த எட்டரையை அவருக்கென்று ஒதுக்குங்கள். முதல் நாள் பிரனீஸ் மலை ஏற்றம், சுமார் 25 கி.மீ.; அன்று ஒரு செய்திதான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட அமைதிதான் ஊரில் இருப்பவரைத் தூங்கவிடாது.

போனில் முதலில் அவருடைய நாளைக் கேளுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வீடு திரும்பிய இரவு, சாப்பிட்டுக்கொண்டே மலையைப் பற்றி மட்டும் பேசினேன். நான் இல்லாதபோது மகளுக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்ததை, மறுநாள் என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லும்போதுதான் அறிந்தேன். அவள் குரலில் கோபம்கூட இல்லை. திரும்பி வந்த முதல் வாரம் ஊரில் இருந்தவருக்குச் சேர வேண்டியது; புகைப்படங்களை அவர் கேட்கும்போது காட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இந்தப் பாதையை நான் விரும்புவதற்கு அதுவே பெரிய காரணம். கடைசி 100 கி.மீ. நடந்தாலே சாண்டியாகோவில் சான்றிதழ் தருவார்கள். அதனால் பலர் சாரியா என்ற ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கிருந்து சுமார் 115 கி.மீ., ஐந்தாறு நாள் நடை. அதற்கு முந்தைய அறுநூற்று அறுபது கிலோமீட்டர் உங்களுடைய தனிமை. சாரியாவில் அவர் வந்து சேர்ந்துகொள்ளலாம். அழைத்துப் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம். நடக்கப் பிடிக்காவிட்டால் சாண்டியாகோவுக்கு நேராக வந்து காத்திருக்கட்டும். அதுவும் சேர்ந்து போனதுதான்.

வருவதாகச் சொன்னால் தாமதிக்காதீர்கள். ஸ்பெயினுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை வைத்திருந்தால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம். அவருக்கு ஷூவும் இப்போதே வாங்கிவிடுங்கள், அரை அளவு பெரிதாக. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மருதமலைப் படிகளில் அதைப் பழக்கட்டும். அவர் முன்னால் ஏறட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.