சேவல் கூவும் வேளையிலோ

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கினால் மனம் அமைதி பெறும் என்று ஒவ்வோர் ஆண்டும் நம்புகிறேன். ஆனால் கேரல் பயிற்சி, குடில் வேலை, முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுப்பது, விருந்தினர் என டிசம்பர் முழுவதும் இரைச்சலாகவே கழிகிறது. போதாக்குறைக்கு, கப்பலில் வேலை பார்க்கும் என் கொழுந்தனுக்கு விடுப்புக் கிடைத்ததா என்று மாமி ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கிறார். கேரல் குழுவிலிருந்து விலகி, சில நாள் ஒரு தியான இல்லத்தில் தங்கலாமா? வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகை வளையம் வைப்பது உதவுமா?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புத் தங்கைக்கு,

கேரல் குழுவைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; தொண்டை ஒத்துழைத்தால் பாடுங்கள். தியான இல்லத்துக்குத் தவக்காலத்தில்கூடப் போகலாம். வளையத்தைத் தாராளமாக வையுங்கள். ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் ஓயாமல் கேட்டதால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். நச்சரித்த பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பதில்தான் இந்த வளையம்.

நீங்கள் உங்கள் மாமிக்கு என்ன பதில் கொடுக்கிறீர்கள்? கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பயறு வறுப்பதற்கும் விருந்தினருக்கும் அடுத்தபடியாக, இரைச்சல்களின் வரிசையில் அவரைச் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் உண்மையாகவே ஒருவருடைய வருகைக்காகக் காத்திருப்பவர் அவர்தான், தங்கையே! அவரை விட்டு விலகிப் போய்த் திருவருகைக் காலத்தை எங்கே தேடுவீர்கள்?

இந்தக் காலத்தின் முதல் வாரங்களில் திருச்சபை குடிலைப் பற்றி வாசிப்பதில்லை. டிசம்பர் 17 முதல்தான் வாசகங்கள் பெத்லகேமை நெருங்குகின்றன. அதுவரை, எப்போது வருவார் என்று தெரியாத ஒருவருக்காக விழித்திருக்கச் சொல்கின்றன. அதன் பொருளை நான் 2017இல்தான் கண்ணால் கண்டேன். நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலை அடித்துப் போட்டது. டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தூத்தூர் பக்கத்தில் என் அம்மாவின் உறவினர் இருக்கும் கடற்கரை ஊரில் அன்று இருந்தேன். ஆழ்கடலுக்குப் போன படகுகள் பல திரும்பவில்லை. சில லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கியதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஊதா உடையில் நின்ற பங்குத்தந்தை அன்றைக்குரிய மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை வாசித்தார்: வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ எப்போது வருவார் என உங்களுக்குத் தெரியாது என்ற பகுதி. கணவனும் மகனும் கடலில் இருக்க, அந்த வரிகளைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திருப்பலியின் நடுவே கைபேசி ஒலித்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எழுந்து ஓடிய பெண்ணுக்கு வழிவிட்டார்கள். அவள் திரும்பி வந்து தலையசைத்த பிறகே பாடல் தொடர்ந்தது. வெளியே வந்ததும், தன் பேரனின் படகைப் பற்றி ஒரு மூதாட்டி எதிர்ப்பட்ட எல்லாரிடமும் கேட்டார். கேட்டவர்களிடமே மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு முறையும், முதன்முறை கேட்பவருக்குச் சொல்வது போலவே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள், அவர்களுடைய வீட்டு ஆண்களும் திரும்பாதிருந்தபோதே. நீங்கள் தேடும் அமைதியை அவ்வளவு அழுகுரல்களுக்கு நடுவே நான் அங்கேதான் பார்த்தேன். பலர் திரும்பவே இல்லை.

ஆகவே மாமி அடுத்த முறை கேட்கும்போது, அடுப்பைப் பார்த்தபடி “இன்னும் இல்லை” என்று சொல்லாதீர்கள். கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, விடுப்புக்கு எப்போது எழுதிக் கொடுத்தான், இன்னும் யார் கையெழுத்திட வேண்டும் என்று தெரிந்ததை எல்லாம் அருகே உட்கார்ந்து சொல்லுங்கள். பதினொன்றாவது முறை கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். பயறு வறுக்கவும் அவரையே கூப்பிடுங்கள், பதம் அவருக்குத்தான் தெரியும். கொழுந்தனுக்கு விடுப்புக் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா