வயலில் கிடைத்த கல் ஆதிமனிதனின் கருவியா என்று எப்படி அறிவது?

உழும்போது கைக்கு அடக்கமாக ஒரு கல் அகப்பட்டது, ஒரு பக்கம் கூராக இருக்கிறது, இது கற்காலக் கருவியா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். நான் தொல்லியல் படித்தவன் அல்லன்; சிங்கப்பூரில் சுரங்க ரயில் கட்டுமானத்தில் மேற்பார்வையாளன். பதின்மூன்றாம் மாடியில், வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவனுக்கு வயலைப் பற்றி என்ன தெரியும் என்பவர்கள், இதை ஏமாந்தவன் ஒருவனின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம்.

என் தாய்மாமாவின் கடலைக்கொல்லை திருவள்ளூர் மாவட்டத்து ஊத்துக்கோட்டைப் பக்கம் இருந்தது. 1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கைக்கோடரியை (கைப்பிடியின்றிக் கையில் பிடித்தே பயன்படுத்திய கற்கருவியை)க் கண்டெடுத்ததையும், அதே ஆண்டில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கருவிகளைக் கண்டதையும், அவ்வூரின் பழைய மண்ணடுக்குகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்ததையும் படித்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போன எனக்கு, கொல்லையில் கிடந்த கல்லெல்லாம் கோடரியாகத் தெரிந்தது. அவற்றுள் பேரிக்காய் வடிவில் இருந்த ஒன்றை எடுத்து, அதில் அப்பியிருந்த களிமண்ணை, காலடியில் கிடந்த தட்டையான சில்லு ஒன்றால் சுரண்டினேன். “கல்லப் போய்க் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கியே மாப்ள!” என்று மாமா சிரித்தார். என்ன விலை போகும் என்று மாமா மகன் கேட்டான். படம் எடுத்துக்கொண்டு, சில்லை வரப்பில் வீசிவிட்டு, கல்லைப் பெட்டியில் வைத்துச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வரை கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பணியிடத்துப் புவியியலாளர் மலேசியாவின் ஈப்போக்காரர். மாணவராக இருந்தபோது, அங்குள்ள கற்காலத் தொல்லியல் களமான லெங்கோங் பள்ளத்தாக்கின் அகழாய்வில் உதவியவர். கல்லைக் கையில் வாங்கியவுடனேயே, “உங்கள் மாமாவிடம் டிராக்டர் இருக்கிறதா?” என்று கேட்டார். ஒரு கல்லை மற்றொரு கல்லால் ஓங்கி அடித்துச் சில்லு பெயர்த்தால், அடி விழுந்த இடத்திற்குக் கீழே சில்லின் உட்பக்கத்தில் சிறு புடைப்பு உண்டாகும். அங்கிருந்து சிப்பியின் முதுகில் உள்ளவை போன்ற வளைய வரிகள் விரியும். தாய்க்கல்லில் அதற்கேற்ற குழி விழும். கைக்கோடரியில் அக்குழிகள் பெரும்பாலும் இரு முகங்களிலும், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி அமைந்திருக்கும். என் கல்லில் இருந்தவை மூன்றே குழிகள், அதுவும் ஒரே முகத்தில். கல்லின் மேற்பரப்பு பழுப்பேறியிருக்க, குழிகள் மட்டும் வெளுத்திருந்தன; அதாவது அவை அண்மையில் உடைந்தவை. அது கலப்பைக் கொழு உடைத்த கல்.

உள்ளூர ஒரு நிம்மதியும் பிறந்தது. அது மெய்யான கருவியாக இருந்திருந்தால், அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்து வந்ததற்காக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நான் குற்றவாளி.

பிறகு அவர் என் கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “இதுவும் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார். படத்தின் மூலையில், நான் மண் சுரண்டிய சில்லு கிடந்தது. அதில் புடைப்பு தெரிந்தது. ஓரம் நெடுகச் சிறு சிறு கொத்தல்கள். மேலெல்லாம் ஒரே பழுப்பு. படத்தை மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது என்றார். ஆனாலும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சுரண்டும்போது அது கட்டைவிரலுக்கு வாகாக அமர்ந்தது இன்றும் நினைவிருக்கிறது. மாமா இரண்டு நாள் தேடி 14 சில்லுகளைப் படம் பிடித்து அனுப்பினார். அது அவற்றுள் இல்லை. ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னதற்குப் பட்டா நகல் கேட்டார்களாம். இப்போது அந்தக் கொல்லையில் மனைக்கல் நட்டுவிட்டார்கள்.

உங்கள் கல் கருநிறமாக, வழவழவென்று தீட்டியதாக இருந்தால் அது வேறு கதை. புதிய கற்காலக் கோடரியாக இருக்கலாம். எதுவாயினும் இனிமேல் தேய்த்துக் கழுவாதீர்கள். அளவுகோலை அருகில் வைத்து இரு முகங்களையும் ஓரத்தையும் படம் எடுங்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, திருவள்ளூர்ப் பக்கமாக இருந்தால் பூண்டி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் அருங்காட்சியகத்தில்) காட்டுங்கள். போகும்போது, அந்த இடத்தில் சுற்றிக் கிடந்த சில்லுகளின் படங்களையும் கொண்டு போங்கள்.