ஸ்கூட்டரிலிருந்து டூரிங் பைக்: முதலில் இடது கையைப் பழக்குங்கள்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன். கியர் வண்டியைத் தொட்டதே இல்லை. நீண்ட பயணம் போகும் ஆசையில் 400 சிசி டூரிங் பைக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எடை 190 கிலோ. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். வாங்கின கையோடு பயணம் கிளம்பலாமா, இல்லை நடுவில் ஒரு சின்ன பைக்கில் பழக வேண்டுமா?

பதில்: நடுவில் சின்ன பைக் தேவையில்லை. ஆனால் வாங்கின கையோடு பயணம் கிளம்பாதீர்கள். நீங்கள் எடையை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்குப் பயம் உங்கள் இடது கையைப் பற்றித்தான்.

ஸ்கூட்டரில் இடது பக்க லீவர் பிரேக். நிறைய ஸ்கூட்டர்களில் அந்த ஒரு லீவரைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அதனால் யாராவது குறுக்கே வந்தால் உங்கள் இடது கை தானாக இறுகும். பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். அதைப் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்து, வண்டி தன் போக்கில் உருளும். இறக்கமாக இருந்தால் வேகம் கூடும். பிரேக் பிடித்துவிட்டோம் என்று மனசு நினைக்கிற அந்தக் கணத்தில் வண்டி நிற்காமல் போவதுதான் ஆபத்து. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, கை பழக வேண்டும்.

ஆளில்லாத மைதானத்துக்குப் போங்கள். முதலில் ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் பாதி மட்டும் பிடித்திருக்கும் நிலை. முதல் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். என்ஜின் சத்தம் லேசாகத் தணியும், வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அந்த இடத்திலேயே விரல்களை நிறுத்துங்கள். திரும்பப் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் புள்ளியைச் சொல்ல வரும்வரை இதையே செய்யுங்கள். டிராஃபிக்கில் ஊர்ந்து போவதும் மேட்டில் நின்று கிளம்புவதும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

அப்புறம் பிரேக். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வலது கையின் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துங்கள். வலது காலின் பின் பிரேக் துணைக்கு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு. பின் சக்கரம் லேசாகி எளிதில் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் வழுக்கும். சக்கரம் அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் இந்தப் பயிற்சியை விடாதீர்கள். கிளட்சைக் கடைசியில், வண்டி ஆஃப் ஆவதற்குச் சற்று முன்னால் மட்டும் பிடித்தால் போதும். நடந்து போகிற வேகத்தில் ஹேண்டிலைத் திருப்பியிருக்கும்போது மட்டும் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், பின் பிரேக்கே போதும். புது பைக்கை யு டர்னில் கீழே போடுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள்.

சரி, எடைக்கு வருவோம். ஓடும்போது 190 கிலோ தெரியாது. நிற்கும்போதும் தள்ளும்போதும்தான் தெரியும். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே எப்படி வெளியே எடுப்போம் என்று யோசியுங்கள். முன் சக்கரம் பள்ளத்தைப் பார்த்தபடி நிறுத்திவிட்டால், ஆளில்லாமல் பின்னால் இழுக்கவே முடியாது. உயரம் ஐந்தடி நான்கு தாராளம். சீட்டின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அகலத்தையும் உட்கார்ந்து பாருங்கள். அகலமான சீட் கால்களை விரித்துவிடும். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படிந்தாலே சமாளிக்கலாம். வண்டி வலது பக்கம் விழுந்தால், தூக்கும் முன் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். முதல் கியரில் போட்டால் உருளாது. முதுகைச் சீட்டுக்குக் கொடுத்து, காலால் பின்னுக்குத் தள்ளித் தூக்குங்கள். இடுப்பை வளைத்துத் தூக்கினால் இடுப்பு போய்விடும்.

ஸ்கூட்டரில் இல்லாத இன்னொரு வேலை செயின். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து, செயினுக்கான மசகு எண்ணெய் போடுங்கள், மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே. எவ்வளவு தொய்வு இருக்கலாம் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். சாமான் ஏற்றும்போது கனமானதைக் கீழேயும் உங்களுக்குப் பக்கத்திலும் வையுங்கள். எல்லாவற்றையும் பின்கோடி டாப் பாக்ஸில் திணித்தால் முன் சக்கரம் லேசாகி வண்டி அலையும். பாரத்துக்கு ஏற்ற காற்று அழுத்தமும் கையேட்டிலேயே இருக்கும்.

உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாது.

பயணத்துக்கு வருகிறேன். முதலில் தினசரி வேலைகளுக்கு இந்த பைக்கையே எடுத்துப் போங்கள். இடையிடையே ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், கை மறுபடி குழம்பும். பிறகு அரை நாளில் போய்த் திரும்புகிற தூரம். அதில் காற்று நெஞ்சில் மோதுகிற களைப்பும், உட்கார்ந்து உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்கடுத்து ஓர் இரவு தங்குகிற பயணம், தனியாக. பின்னால் ஆள் ஏற்றுவதை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்துக்கான தேதியை அந்த ஓர் இரவு தங்கும் பயணம் முடிந்து வந்ததும் குறிக்கலாம்.